ஹால்டன் குன்றில் ஒரு திருச்சிக் கோபுரம்

கேள்வி இதுதான்: “இங்கிலாந்தின் தென்மேற்கே டெவனில் இருக்கிறேன். எக்ஸிட்டர் பக்கமிருந்து பார்த்தால் குன்றின் உச்சியில், காட்டுக்கு மேலே வெள்ளை வெளேரென்று ஒரு கோபுரம் தெரிகிறது. ‘லாரன்ஸ் காசில்’ என்கிறார்கள். உள்ளே ரோமானியத் தளபதி வேடத்தில் ஒரு சிலை. அவருக்கும் நம் திருச்சிக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருவர் சொன்னார். நிஜமா? அங்கே என்ன சண்டை நடந்தது?”

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அங்கே ஒரு சண்டையும் நடக்கவில்லை. அது கோட்டையே அல்ல. அதன் முறையான பெயர் ஹால்டன் பெல்வெடியர். பெல்வெடியர் என்பது இத்தாலியச் சொல், ‘அழகான காட்சி’ என்று பொருள். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பணம் சேர்ந்தவர்களுக்கு இப்படி ஒரு மோகம் இருந்தது. தங்கள் நிலத்திலேயே உயரமான இடமாகப் பார்த்து ஒரு கோபுரத்தை எழுப்புவார்கள். மேலே ஏறி நின்று சுற்றுவட்டாரத்தைப் பார்ப்பது, விருந்தாளிகளை உபசரிப்பது எல்லாம் சொல்லிக்கொள்ளும் காரணங்கள். கீழே இருக்கிறவர்கள் தினமும் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதுதான் நிஜமான காரணம் என்று எனக்குத் தோன்றும்.

திருச்சிச் சம்பந்தம் நிஜம். திருச்சி இல்லாவிட்டால் அந்தக் கோபுரமே எழுந்திருக்காது. அதைப் புரிந்துகொள்ள இரண்டு பேரைத் தெரிந்துகொள்ள வேண்டும். கோபுரத்துக்குப் பெயர் கொடுத்தவர் ஒருவர், பணம் கொடுத்தவர் இன்னொருவர்.

பெயர் கொடுத்தவர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ். 1697இல் பிறந்தவர். பிரிட்டிஷ் அரசுப் படையில் பல காலம் உழைத்தும் பெரிய பதவி எதுவும் கிட்டவில்லை. 1748 தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளுக்குத் தலைமை தாங்குவதற்காக, மேஜர் பட்டத்தோடு கடலூர்க் கரையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது ஐம்பது. சென்னை அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1746இல் பிடித்துவிட்டார்கள். கம்பெனிக்குச் சோழமண்டலக் கரையில் மிச்சமிருந்த தலைமையிடம், கடலூரை ஒட்டித் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டை.

வந்த வருஷமே இரண்டு சம்பவங்கள். ஜூன் மாதம் பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடிக்க வந்தது. லாரன்ஸ் பகலில் ஊரறியப் பீரங்கிகளையும் ஆட்களையும் செயின்ட் டேவிட் கோட்டைக்கு அனுப்பினார். கடலூரைக் கைவிட்டுவிட்டார்கள் என்று ஒற்றர்கள் போய்ச் சொல்ல, பிரெஞ்சுக்காரர்கள் இரவில் அலட்சியமாக ஏணிகளோடு வந்தார்கள். இருட்டியதும் சத்தமில்லாமல் திரும்பி வந்திருந்த பீரங்கிகள் அவர்களை வரவேற்றன. இது வெற்றி. ஆகஸ்டில் புதுச்சேரி முற்றுகையின்போது அரியாங்குப்பத்தில் தன் ஆட்கள் பயந்து ஓட, தான் மட்டும் ஓடாமல் நின்று பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார். இது தோல்வி. ஐரோப்பாவில் சமாதானம் ஆன பிறகே விடுதலை கிடைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆள் எப்படிப்பட்டவர் என்று பிடிபடும். மேதையல்ல, ஆனால் தந்திரம் தெரிந்த, பிடிவாதமான பழைய சிப்பாய்.

திருச்சிக்கு வருகிறேன். ஆற்காட்டு நவாப் பதவிக்கு முகமது அலிக்கும் சந்தா சாகிபுக்கும் நடந்த போட்டியில் முதலாமவருக்கு ஆங்கிலேயரும் இரண்டாமவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை. முகமது அலி திருச்சிக் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். கிளைவ் ஆற்காட்டைப் பிடித்த கதை நம் பாடப்புத்தகத்தில் உண்டு. ஆனால் போரின் மையம் திருச்சிதான், அங்கே தலைமை லாரன்ஸ்தான். கிளைவ் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். 1752 ஜூனில் சீரங்கம் தீவில், கோயில் மதிலுக்குள் ஒதுங்கியிருந்த பிரெஞ்சுப் படை லாரன்ஸிடம் சரணடைந்தது. சந்தா சாகிப் தஞ்சைத் தளபதி மானோஜியின் கையில் சிக்கினார். அவரை யார் வைத்துக்கொள்வது என்று லாரன்ஸ் உள்ளிட்ட தலைவர்கள் கூடிப் பேசினார்கள், முடிவு எட்டப்படவில்லை, பிறகு அவர் தலை வெட்டப்பட்டது. லாரன்ஸ் ஆணையிட்டார் என்று சொல்ல முடியாது. தடுக்க அவர் பெரிதாக மெனக்கெட்டார் என்றும் சொல்ல முடியாது. டெவன் கோபுரத்துக்குள் நிற்கும் சிலையின் முகத்தில் இந்த விஷயம் தெரியாது.

அடுத்த இரண்டு வருஷம் இன்னும் மோசம். மைசூர்ப் படை கட்சி மாறிப் பிரெஞ்சுக்காரரோடு சேர்ந்துகொண்டது. ஊரைச் சுற்றிலும் எதிரி, உள்ளே சோற்றுக்குப் பஞ்சம். 1753 ஜூன் 26 அன்று பொன்மலைப் பாறையில் இருந்த கம்பெனிச் சிப்பாய்களின் காவல்நிலையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். லாரன்ஸிடம் இருந்த படை மிகச் சிறியது. அவர் பின்வாங்காமல் துப்பாக்கி முனைக் கத்தியோடு ஆட்களை நேரே பாறை மேல் ஏற்றினார், பாறை திரும்பக் கிடைத்தது. பிற்காலத்தில் ரயில்வே பணிமனையால் பெயர் பெற்ற அதே பொன்மலைதான். அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘கோல்டன் ராக்’ என்ற பெயர் இந்தப் போர்க் குறிப்புகளிலேயே வந்துவிடுகிறது.

இந்த முற்றுகைக் காலத்தில் நகருக்குள் தானிய வண்டிகள் வந்து சேர்ந்ததற்கு ஒருவர் முக்கியக் காரணம். யூசுப் கான். நாம் மருதநாயகம் என்று சொல்கிறோமே, அவர். லாரன்ஸ் அவரைப் பற்றி மிக உயர்வாக எழுதினார், தங்கப் பதக்கமும் கிடைத்தது. அதற்கு முன்னால் ஒரு விஷமம் நடந்தது. யூசுப் கான் மைசூராரோடு சேர்ந்து சதி செய்கிறார் என்று காட்டும் ஒரு கடிதம் கண்டெடுக்கப்பட்டது. விசாரித்ததில் லாரன்ஸின் மொழிபெயர்ப்பாளரே போலியாக எழுத ஏற்பாடு செய்தது என்று தெரியவந்தது. அந்த மொழிபெயர்ப்பாளரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

இனி பணம் கொடுத்தவர். அவர் பெயர் ராபர்ட் பாக். ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘பால்க்’ என்று நாம் வாசித்துவிடுகிறோம். ‘டாக்’, ‘வாக்’ என்னும் சொற்களில் எல் எழுத்து ஒலிக்காதது போலவே இதிலும் ஒலிக்காது. ஆமாம், பாக் நீரிணையின் பாக் இவர்தான்.

பாக் 1717இல் டெவனிலேயே ஆஷ்பர்டன் என்ற சிற்றூரில், பெரிய வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துப் பாதிரியார் ஆனார். கிராமத்துத் தேவாலயத்தில் உதவிப் பாதிரியாராக இருந்தால் காலத்துக்கும் அரைவயிற்றுப் பிழைப்புதான். ஆகவே தளபதி போஸ்காவெனின் கப்பற்படையில் பாதிரியாராகச் சேர்ந்து 1748இல் கடலூர் வந்து சேர்ந்தார். செயின்ட் டேவிட் கோட்டையிலேயே தங்கிவிட்டார். லாரன்ஸும் அங்கேதான். ஐம்பது வயதுச் சிப்பாய்க்கும் முப்பது வயதுப் பாதிரியாருக்கும் அங்கே ஏற்பட்ட சிநேகிதம் சாகும்வரை நீடித்தது.

பாதிரியார் வேலையைவிடக் கணக்கு வழக்கும் பேச்சுவார்த்தையும் இவருக்கு நன்றாக வந்தன. தஞ்சை ராஜாவின் ஆதரவைத் தக்கவைக்க இவரைத் தூது அனுப்பினார்கள். 1754 ஜனவரியில் சதுரங்கப்பட்டினத்தில், இரு தரப்புக்கும் பொதுவான டச்சுக்காரர்களின் இடத்தில், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சமாதானம் பேச உட்கார்ந்தபோது ஆங்கிலத் தரப்பில் போன இருவரில் ஒருவர் பாக், இன்னொருவர் ஹென்றி வான்சிட்டார்ட். பேச்சு முறிந்தது. ஆனால் உறவு முறியவில்லை. பின்னாளில் வான்சிட்டார்ட்டின் தங்கை ஆனியை பாக் மணந்தார், வான்சிட்டார்ட் வங்காளத்தின் ஆளுநர் ஆனார். 1763இல் பாக்கே சென்னையின் ஆளுநர். பிழைப்பு தேடிக் கப்பலேறிய பாதிரியார் பதினைந்தே வருஷத்தில் ஜார்ஜ் கோட்டையின் தலைமை நாற்காலியில்!

அவர் ஆட்சியில் நடந்த இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, 1766இல் ஐதராபாத் நிஜாமோடு செய்த உடன்படிக்கை. வட சர்க்கார் மாவட்டங்கள் கம்பெனிக்கு வந்தன, ஆனால் அதன் தொடர்ச்சியாகவே ஹைதர் அலியுடனான முதல் மைசூர்ப் போர் வந்து சேர்ந்தது. இன்னொன்று மதுரை. லாரன்ஸ் புகழ்ந்த அதே யூசுப் கான் நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்றபோது, மதுரையை முற்றுகையிட்ட கம்பெனிப் படை பாக்கின் அரசு அனுப்பியது. 1764 அக்டோபர் 15 அன்று யூசுப் கான் தூக்கிலிடப்பட்டார். திருச்சியில் லாரன்ஸுக்குச் சோறு கொண்டுவந்து சேர்த்தவரின் முடிவு அது. ஹால்டன் கோபுரத்தைப் பற்றி எழுதுகிற ஆங்கிலச் சுற்றுலாக் குறிப்புகளில் இந்தப் பெயரைத் தேடிப் பார்க்க வேண்டாம்.

பாக் 1767இல் பதவியை விட்டு ஊர் திரும்பினார், பெரும் செல்வத்தோடு. அந்தக் காலத்துக் கம்பெனி அதிகாரிகள் சம்பளத்தில் பார்த்ததைவிடச் சொந்த வியாபாரத்திலும், நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்ததிலும் பார்த்ததே அதிகம். இப்படிப் பணத்தோடு திரும்பியவர்களை ஊரில் ‘நேபாப்’ என்று ஏளனமாகச் சொல்வார்கள். நம் ‘நவாப்’ அங்கே போய்ச் சிதைந்த சொல்தான். நேபாபுக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாவற்றையும் பாக் வாங்கினார். எக்ஸிட்டருக்குத் தென்மேற்கே ஹால்டன் மாளிகையும் நிலங்களும், நாடாளுமன்றத்தில் ஓர் இடம், 1782இல் பேரனெட் என்னும் பரம்பரை ‘சர்’ பட்டம்.

லாரன்ஸ் 1766இல் ஓய்வு பெற்றுத் திரும்பியவர். சொந்தக் குடும்பம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக யாரும் இல்லை. பாக் குடும்பமே அவருக்குக் குடும்பம். பாக் தன் மகனுக்கு லாரன்ஸ் என்றே பெயர் வைத்திருந்தார். 1775 ஜனவரியில் லாரன்ஸ் இறந்தபோது அவருடைய சொத்தின் பெரும்பகுதி பாக் குடும்பத்துக்கு வந்தது. ஹால்டனுக்குப் பக்கத்தில் டன்சிடியாக் கிராமத்துத் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அங்கே அவர் நினைவுக் கல்லில் இருக்கும் செய்யுள் அந்தக் காலத்தில் பெயர்பெற்ற எழுத்தாளர் ஹன்னா மோர் எழுதியது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கம்பெனி தன் செலவில் ஒரு நினைவுச் சின்னம் வைத்தது. அதில் திருச்சிராப்பள்ளி நகரமே புடைப்புச் சிற்பமாக இருக்கிறது. லண்டன் போகிறவர்கள் அரசர்களின் கல்லறைகளைப் பார்த்துவிட்டு வந்துவிடாமல் இதையும் தேடிப் பாருங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, 1788இல், எழுபது வயதை எட்டிய பாக் குன்றின் மேல் இந்தக் கோபுரத்தைக் கட்டினார். நண்பர் இறந்து பதின்மூன்று வருஷம் கழித்து. நன்றிக்கடன் என்பது உண்மைதான். ஆனாலும் நண்பருக்குத் தேவாலயத்தில் கல்லும் இருக்கிறது, வெஸ்ட்மின்ஸ்டரில் நினைவுச் சின்னமும் இருக்கிறது. மூன்றாவதாக ஒன்றை, ஆஷ்பர்டன் பையன் எவ்வளவு தூரம் வந்துவிட்டான் என்று மாவட்டம் முழுவதும் பார்க்கும் இடத்தில் நிறுத்தியதில் பாக்கின் சொந்தக் கணக்கும் உண்டு என்பது என் கருத்து.

கட்டடத்தைப் பார்ப்போம். அடித்தளம் முக்கோணம், மூன்று மூலையிலும் ஒவ்வொரு சிறு கோபுரம், மூன்று தளங்கள், கூரான வளைவு வைத்த கோதிக் ஜன்னல்கள். வெளியே வெள்ளைப் பூச்சு, உள்ளே சாதாரணக் கல் கட்டு. முக்கோணத்துக்கு என்ன காரணம் என்று பலர் கேட்பார்கள். இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. நான்கு மூலைக் கோட்டையைவிடச் செலவு குறைவு. ஆனால் எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் குறைந்தது இரண்டு மூலைக் கோபுரங்கள் கண்ணில் படும் என்பதால் முழுக் கோட்டை போலவே தோற்றம் கொடுக்கும்.

இந்த அமைப்பு பாக்கின் கண்டுபிடிப்பும் அல்ல. விண்ட்சர் பெரிய பூங்காவில் கம்பர்லாந்து பிரபுவுக்காக 1750களில் எழுந்த ஒரு முக்கோணக் கோபுரம்தான் மூலமாதிரி. அது பிறகு பெரிதாக்கப்பட்டு ஃபோர்ட் பெல்வெடியர் ஆனது. எட்டாம் எட்வர்ட் 1936இல் முடிதுறந்து கையெழுத்திட்டது அங்கேதான். பாக்குக்குப் பக்கத்திலேயே, எக்ஸ் கழிமுகத்தை ஒட்டிய பவுடர்ஹாமில், கோர்ட்னி பிரபு குடும்பமும் 1770களில் இதே மாதிரியில் ஒன்றைக் கட்டியிருந்தது. பல நூற்றாண்டுப் பரம்பரைக் குடும்பத்தின் கோபுரத்துக்கு எதிரே புதுப்பணக்காரரின் கோபுரம், அதுவும் அதைவிட உயரமான குன்றில். இதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

லண்டனின் தென்கிழக்கே ஷூட்டர்ஸ் ஹில்லிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு இருக்கிறது. 1784இல் கட்டிய செவர்ன்ட்ரூக் காசில். அதுவும் முக்கோணம், அதுவும் கம்பெனிக்காரர் ஒருவரின் நினைவாகக் கட்டியது. கொங்கண் கரையில் மராட்டியக் கடற்படைத் தலைவர்களான ஆங்கரேக்களின் சுவர்ணதுர்க்கக் கோட்டையை 1755இல் பிடித்த வில்லியம் ஜேம்ஸுக்காக அவர் மனைவி எழுப்பியது. சுவர்ணதுர்க்கம் ஆங்கில நாக்கில் செவர்ன்ட்ரூக் ஆகிவிட்டது. நான்கே வருஷ இடைவெளியில் இங்கிலாந்துக் குன்றுகளில் இரண்டு ‘கோட்டைகள்’. இரண்டுக்கும் காரணமான போர்கள் நடந்தது நம் கரைகளில்.

உள்ளே நிற்கும் சிலைக்கு வருகிறேன். ஆளுயரத்தைவிடப் பெரியது. ரோமானியத் தளபதியின் மார்புக் கவசமும் போர்வையுமாக லாரன்ஸ். கெய்ன்ஸ்பரோ தீட்டிய லாரன்ஸின் உருவப்படம் லண்டனில் தேசிய உருவப்படக் காட்சியகத்தில் இருக்கிறது. செங்கோட்டு அணிந்த, கன்னம் தொங்கிய, பருத்த கிழவர். சிலைக்கும் அதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கதை என்னவென்றால், 1760களில் கம்பெனி தன் லண்டன் தலைமையகத்துக்காக கிளைவ், லாரன்ஸ், கப்பற்படைத் தளபதி போக்காக் மூவருக்கும் ரோமானிய வேடத்தில் பளிங்குச் சிலைகள் செய்யச் சொன்னது. செதுக்கியவர் பீட்டர் ஸ்கீமேக்கர்ஸ். அவற்றில் லாரன்ஸ் சிலையின் நகல்தான் ஹால்டனில் இருப்பது.

ஆனால் நகல் பளிங்கு அல்ல. ‘கோட் ஸ்டோன்’ என்ற செயற்கைக் கல். கல் என்கிறோமே தவிர உண்மையில் அது சுடுமண் வகை. லண்டன் லாம்பெத்தில் எலினோர் கோட் என்ற பெண்மணி 1769 முதல் நடத்திய தொழிற்சாலையில் செய்தது. களிமண்ணோடு ஏற்கெனவே சுட்ட மண்ணின் பொடி, சிக்கிமுக்கிக் கல் தூள், மணல், கண்ணாடித் தூள் எல்லாம் கலந்து, அச்சில் வார்த்து, சூளையில் நாட்கணக்கில் சுடுவார்கள். வெயில் மழை எதற்கும் அசையாது. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் அருகே நிற்கும் சிங்கம் இதே கல். அச்சு இருந்தால் எத்தனை நகல் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால் பளிங்கைவிட மலிவு. இத்தனை வசதியிலும் பாக் சிக்கனத்தை மறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். சிலையோடு லாரன்ஸின் வாழ்க்கையைச் சொல்லும் பலகைகளும் அதே கல்லில் செய்தவை. தரையில் பதித்த பளிங்கு நிஜாம் கொடுத்த பரிசு என்று அங்கே வழிவழியாகச் சொல்வார்கள். 1766 உடன்படிக்கையை நினைத்தால் பொருத்தமான கதைதான். கதையாகவே வைத்துக்கொள்வது நல்லது.

பிறகு என்ன ஆயிற்று? பாக் 1798இல் இறந்தார். வாரிசுகள் டெவன் கரையில் டார்க்கி என்ற மீனவக் கிராமத்தைத் துறைமுகமும் கடற்கரை விடுதிகளுமாக வளர்த்தார்கள், 1880இல் ஹால்டன் பிரபு என்ற பட்டமும் வந்தது. அதோடு கடனும் வந்தது. நிலங்கள் கைமாறின. 1920களில் ஹால்டன் மாளிகையின் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள், எஞ்சிய பக்கக் கட்டடம் ஹோட்டலானது. 1939இல் பிரபுப் பட்டமும் வாரிசில்லாமல் அற்றுப்போனது. மாளிகை போய், அதற்கு அலங்காரமாகக் கட்டிய கோபுரம் மட்டும் நின்றுவிட்டது. அதில் 20ஆம் நூற்றாண்டில் ஒரு குடும்பம் நெடுங்காலம் குடியிருந்தது. கட்டடம் நைந்துபோன நிலையில் டெவன் வரலாற்றுக் கட்டட அறக்கட்டளை எடுத்து 1990களின் நடுவில் பழுதுபார்த்தது. இப்போது பாதுகாக்கப்பட்ட கட்டடம். கல்யாணம் நடத்துகிறார்கள், மேல்தளத்தில் வாடகைக்குத் தங்கவும் முடியும். உச்சிக்கு ஏறினால் ஒரு பக்கம் எக்ஸிட்டரும் எக்ஸ் கழிமுகமும், மறுபக்கம் டார்ட்மூர் மேட்டுநிலமும் தெரியும்.

கடைசியாக, இணையத்தில் அடிக்கடி பார்க்கும் இரண்டு பிழைகள். பாக் 1755 முதல் 1763 வரை ஆளுநராக இருந்தார் என்று நீரிணையைப் பற்றிய பல குறிப்புகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிவைத்திருக்கின்றன. அந்த வருஷங்களில் ஆளுநர் ஜார்ஜ் பிகட். பாக்கின் காலம் 1763 முதல் 1767 வரை. இன்னொன்று பெயர். டெவன்காரர்கள் கோபுரத்துக்கு லாரன்ஸின் பெயரைச் சொல்கிறார்கள், கட்டியவரை மறந்துவிட்டார்கள். நாம் நேர்மாறாக லாரன்ஸை மறந்துவிட்டுப் பாக்கின் பெயரைக் கடல் செய்திகளில் தினமும் சொல்கிறோம், யார் என்று தெரியாமலே. சில இடங்களில் அது ‘பாக்கு நீரிணை’ என்றும் எழுதப்படுவதால், கொட்டைப்பாக்கு ஏற்றிப் போன கடல்வழி என்று விளக்கம் சொல்வோரையும் பார்த்திருக்கிறேன். வெற்றிலைப் பாக்குக்கும் அந்தக் கடலின் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.